பதினெட்டு வயதில் முடிந்துவிடும் ஆட்டம்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)



விளையாட்டைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "ஆண்டு மலரில்தான் உடற்கல்வித் துறையின் அறிக்கை தனியாக வருமே, நீ வேறு எதற்கு?" என்று கேட்டார் வகுப்புத் தோழர் ஒருவர். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. அந்த அறிக்கையில் வென்றவர் பெயர்கள் வரும். கோப்பைகளின் எண்ணிக்கை வரும். ஆடவேண்டிய வயதில் ஆட முடியாமற் போனவன் கதை அதில் வராது. அப்படிப்பட்ட ஒருவனை எனக்குத் தெரியும். ஆகவே எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை என்னோடு படித்தவன் அவன். பெயர் வேண்டாம். எங்கள் பள்ளி ஹாக்கி அணியில் அவன் சென்டர் பார்வர்டு. நான் அவனுக்கு இடப்பக்கம் ஆடியவன். நான் பந்தைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவன் வட்டத்திற்குள் நிற்பான். கோல் போட்டுவிட்டு, நானே போட்டதுபோல் என் முதுகில் தட்டுவான். மாவட்ட அணிக்கு அவனைத் தேர்ந்தெடுத்தார்கள், என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. அது முற்றிலும் நியாயமான தேர்வு என்பதை இன்றும் சொல்வேன்.

பள்ளி முடிந்தது. நான் கல்லூரிக்கு வந்தேன். அவன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலைக்குக் காண்ட்ராக்ட் ஆளாகப் போனான். வீட்டில் கடன், அவனுக்குக் கீழே இரண்டு தங்கைகள். பன்னிரண்டு மணி நேர வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. அந்த ஆண்டே மாநில அணித் தேர்வுக்கு அவனுக்கு அழைப்பு வந்தது. மூன்று நாள் விடுப்புக் கேட்டான். "போறதுன்னா போ. திரும்பி வரும்போது உன் இடத்துல வேற ஆள் நிப்பான்" என்றார் சூப்பர்வைசர். அவன் போகவில்லை. சூப்பர்வைசரை மட்டும் நான் குறை கூற மாட்டேன். அவருக்கும் மேலே ஒருவர் இருந்திருப்பார். அவருக்கும் குடும்பம் இருக்கும்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் பழைய மைதானத்திற்கு வந்தான். இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தான். வழக்கம்போல் நான் பந்தைத் தள்ளினேன். அது அவனைத் தாண்டி ஓடியது. ஒரு முறையல்ல, மூன்று முறை. சிரித்துக்கொண்டே சொன்னான்: "பந்து எங்க வரும்னு தெரியுதுடா மச்சான். கால்தான் லேட்டா வருது."

அன்று முதல் என் மனத்தில் ஒரே கேள்வி. ஒரு நல்ல முன்கள ஆட்டக்காரன் எப்படி உருவாகிறான்? அவன் எந்த இடத்தில் உடைகிறான்?

ஆட்டம் அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். ஹாக்கியில் நினைத்த இடத்திலிருந்து கோல் அடிக்க முடியாது. கோல் கம்பங்களிலிருந்து 14.63 மீட்டர் தூரத்தில் வளைவாக ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்த வட்டத்திற்குள் தாக்கும் அணியினர் பந்தைத் தொட்டு அனுப்பினால்தான் கோல். கோலின் அகலம் 3.66 மீட்டர். அதை மறைத்துக்கொண்டு கோல் காவலர் நிற்பார். முன்னும் பின்னும் தடுப்பாட்டக்காரர்கள் நெருக்குவார்கள். பார்வர்டுக்குக் கிடைப்பது ஒரு கணம். அந்தக் கணத்தில் பந்தை நிறுத்தவேண்டும், திரும்பவேண்டும், அடிக்கவேண்டும். அல்லது வருகிற பந்தின் பாதையை மட்டையால் சற்றே மாற்றிவிடவேண்டும். இது பிறவி வரம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஒரே அசைவை ஆயிரமாயிரம் முறை செய்து செய்து, சிந்திக்காமலே கால் போகும்படி பழக்குவதால் வருவது இது. பதினாறு வயது முதல் இருபத்திரண்டு வயது வரை அந்தப் பழக்கம் விடாமல் நடந்தாக வேண்டும். ஓராண்டு விட்டாலும் கால் மறந்துவிடும்.

தரையும் மாறிவிட்டது. 1976-ல் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் செயற்கைப் புல்தரையில் ஹாக்கி ஆடினார்கள். 1928 முதல் 1964 வரை ஏழு தங்கம் வென்றிருந்த இந்தியா, அந்த ஆண்டு ஏழாம் இடத்திற்குப் போயிற்று. அந்தத் தரையில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். மண் தரையில் வளர்ந்த பையன் அதற்கென்று புதிதாகக் கால் பழகவேண்டும். ஆக, பள்ளி அணியில் புலியாக இருந்தவனுக்கும் உண்மையான பயிற்சி தொடங்குவது பதினாறு வயதுக்கு மேல்தான்.

அந்த ஆறு ஆண்டுகள் அவனுக்குச் சோறு போடுவது யார்? என் கட்டுரையின் கேள்வி இவ்வளவே.

இந்தக் கேள்விக்கு மற்ற ஊர்கள் என்ன விடை கண்டன என்று தேடிப் பார்த்தேன். வியப்பு என்னவென்றால், விடை கண்ட ஊர்களிற் பல நம்முடையதைப் போன்ற தொழில் ஊர்களே.

முதலில் வெகுதூரம் போவோம். கனடா நாட்டில் பனிக்கட்டித் தரைமேல் சறுக்குக் காலணியோடு ஆடும் ஐஸ் ஹாக்கிதான் ஊரெல்லாம் பேசும் ஆட்டம். நம் ஈழத் தமிழர்கள் ஏராளமாக வாழும் டொராண்டோவுக்குக் கிழக்கே ஓஷாவா என்றோர் ஊர் உண்டு. மோட்டார் கார் தொழிற்சாலையால் வளர்ந்த ஊர் அது. அவ்வூர் இளைஞர் அணியின் பெயர் ஓஷாவா ஜெனரல்ஸ். தொடக்கக் காலத்தில் ஆதரவளித்த ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பெயரால் 1937-ல் தொடங்கிய அணி அது. ஜான் தவாரஸ் என்ற முன்கள ஆட்டக்காரரை அந்த அணி 2005-ல் தேர்ந்தெடுத்தபோது அவருக்கு வயது பதினான்கு. வயது போதாது என்பதால் விதிவிலக்கு அளித்தே சேர்த்தார்கள். அடுத்த ஆண்டுப் பருவத்தில், 2006-07-ல், அவர் அடித்த கோல்கள் 72. 2009-ல் தொழில்முறை லீக்கின் புதுமுகத் தேர்வில் நாட்டிலுள்ள அத்தனை இளைஞர்களையும் முந்திக்கொண்டு முதல் ஆளாக நியூயார்க் ஐலண்டர்ஸ் அணிக்குப் போனார்.

தவாரஸின் திறமையைவிட என்னைக் கவர்ந்தது அங்குள்ள ஏற்பாடு. பதினாறு வயதில் வேற்றூர் அணிக்குப் போகும் பையனை அவ்வூரில் ஒரு குடும்பம் தன் வீட்டில் வைத்துக்கொள்கிறது. சாப்பாடு போடுகிறது, பள்ளிக்கு அனுப்புகிறது. இருபது வயதுவரை அவன் அங்கேயே ஆடலாம். அவர்களுள் பெரும்பாலோர் தொழில்முறை அணிக்குப் போவதில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதனால்தான், இளைஞர் லீக்கில் ஆடிய ஒவ்வொரு பருவத்துக்கும் ஓராண்டு மேற்படிப்புக்கு உதவித்தொகை என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வென்றவனுக்குப் பரிசு கொடுப்பது எல்லா ஊரிலும் உண்டு. வெல்லாதவனையும் கைவிடாத ஊரில்தான் பெற்றோர் துணிந்து பிள்ளையை மைதானத்துக்கு அனுப்புவார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஐஸ் ஹாக்கியில் ஓர் ஆட்டக்காரன் ஒரு தடவை களத்தில் இறங்கி ஆடும் நேரத்தை 'ஷிப்ட்' என்கிறார்கள். அது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. பிறகு ஓய்வு, மீண்டும் ஷிப்ட். என் நண்பனுக்கும் ஷிப்ட் உண்டு. அது பன்னிரண்டு மணி நேரம்.

கனடா பணக்கார நாடு, அதனோடு நமக்கு என்ன ஒப்பு என்பீர்கள். சரி, நம் நாட்டுக்கு வருவோம். புனே நகரை அடுத்த கட்கி, வெடிமருந்துத் தொழிற்சாலை உள்ள ஊர். அங்கே ஒரு தமிழ்க் குடும்பத்தில் 1968-ல் பிறந்தவர் தன்ராஜ் பிள்ளை. தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவர். தந்தையார் மைதானக் காவல், பராமரிப்பு வேலை பார்த்தவர். உடைந்த மட்டையும் எறிந்துவிட்ட பந்துமே தன்ராஜின் முதல் ஆயுதங்கள். எண்பதுகளின் நடுவில் அவர் மும்பைக்குப் போனார். ஏன் தெரியுமா? அவருடைய அண்ணன் ரமேஷ் அங்கே ராஷ்ட்ரிய கெமிக்கல்ஸ் உரத் தொழிற்சாலையின் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். பிறகு தன்ராஜை மகிந்திரா நிறுவனம் தன் அணியில் சேர்த்துக்கொண்டது. 1989-ல் இந்திய அணி. நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு. 1998-ல் பாங்காக்கில் அவர் தலைமையில்தான் 32 ஆண்டுகளுக்குப் பின் ஆசிய விளையாட்டுத் தங்கம் இந்தியாவுக்குத் திரும்பியது. ஜெர்மனி, பிரான்ஸ், மலேசியா நாட்டுக் கிளப்புகளும் அவரைச் சம்பளம் கொடுத்து அழைத்துக்கொண்டன.

உரத் தொழிற்சாலையும் மோட்டார் தொழிற்சாலையும் அணி வைத்திராவிட்டால், கட்கியின் மண் தரையோடு அவர் ஆட்டம் முடிந்திருக்கும் அல்லவா?

மூன்றாவதாக நம் தமிழ்நாடு. தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர்பெற்ற கோவில்பட்டி, ஹாக்கிக்கும் பெயர்பெற்றது. 'ஹாக்கிப்பட்டி' என்றே அதை அழைப்பார்கள். செயற்கைப் புல்தரை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே, வெறும் மண்ணில் ஆடி ஆட்டக்காரர்களை வளர்த்த ஊர். பின்னர் அங்கே தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஹாக்கிக்கென்று விடுதியே அமைத்தது. சிமெண்ட் ஆலைகள் நிறைந்த அரியலூரிலிருந்து கார்த்தி செல்வம் என்ற பையன் அங்கே போய்ச் சேர்ந்தான். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. இந்திய அணிக்கு முதல் ஆட்டம், எதிரணி பாகிஸ்தான். கார்த்தி அந்த ஆட்டத்திலேயே கோல் அடித்தார். கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் அதே அணியில் இருந்தார். 2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை அரையிறுதியில் ஜப்பானுக்கு எதிராகவும் கார்த்தி ஒரு கோல் போட்டார். 2017-க்குப் பின் நின்றுபோயிருந்த ஹாக்கி இந்தியா லீக் 2024 டிசம்பரில் மீண்டும் தொடங்கியபோது, தமிழ்நாடு டிராகன்ஸ் அணியில் அவர் இடம் பெற்றார். தொழில்முறை ஆட்டம் என்பது இப்போது கனடாவில் மட்டும் இல்லை. நம் பையன்களுக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது. 2025 ஜனவரியில் பெண்களுக்கும் தனி லீக் தொடங்கிவிட்டது.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

எழும்பூர் அரங்கம் நமக்கு எவ்வளவு தூரம்? கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறினால் கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர் தாண்டிச் சென்ட்ரலில் இறங்கலாம், ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். 2025 நவம்பர், டிசம்பரில் இளையோர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தபோது நானும் போய்ப் பார்த்தேன். என் வயதுப் பையன்கள் ஆடினார்கள். நண்பனையும் அழைத்தேன். அவனுக்கு அன்று பகல் ஷிப்ட்.

திருவள்ளூர் மாவட்டத்தின் இந்த மூலையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலைகள் இருக்கின்றன. வாகன உதிரிப் பாகம் செய்யும் ஆலைகள் இருக்கின்றன. இரசாயன ஆலைகள் இருக்கின்றன. ஓஷாவாவுக்கும் கட்கிக்கும் இருந்த தொழில் நமக்கும் இருக்கிறது. கால் வேகமுள்ள பையன்களும் இருக்கிறார்கள். இன்னொரு செல்வமும் நமக்கு இருக்கிறது. அதை நாம் கவனிப்பதில்லை. இந்த ஆலைகளில் வேலை செய்ய ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் எத்தனையோ இளைஞர்கள் வந்திருக்கிறார்கள். ஒடிசாவின் சுந்தர்கட், ஜார்க்கண்டின் சிம்டேகா ஆகிய மாவட்டங்கள் இந்திய அணிக்கு ஆட்டக்காரர்களை அள்ளித் தந்தவை. எஃகு நகரமான ரூர்கேலாவில் 2023-ல் உலகக் கோப்பை ஆட்டங்களே நடந்தன. நம் மைதானத்து ஓரத்தில் ஞாயிறுதோறும் நின்று வேடிக்கை பார்க்கும் ஒரு வடநாட்டுத் தொழிலாளியிடம் ஒருநாள் மட்டையைக் கொடுத்தோம். மொழி புரியவில்லை, ஆட்டம் புரிந்தது. எங்கள் மூவரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனார்.

ஆக, இல்லாதது ஒன்றே: பதினெட்டு வயதில் பள்ளி விட்டதும் பையனைக் கைபிடித்துக்கொள்ளும் அணி. நம் ஆலைகள் அதே வயதில் அதே பையனைத்தான் வாசலில் வரவேற்கின்றன. ஆனால் அவனுடைய கால்களையும் கைகளையும் முழுவதுமாக எடுத்துக்கொள்கின்றன. பாதியைத் திருப்பிக் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

"ஆலை நடத்துவது இலாபத்துக்கு, தருமத்துக்கு அல்ல" என்று சிலர் சொல்லக்கூடும். தருமம் கேட்கவில்லை. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் நிகர இலாபம் ஈட்டும் கம்பெனிகள், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எவையெல்லாம் சமூகப் பணி என்று அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணை பட்டியலிடுகிறது. கிராமப்புற விளையாட்டு, ஒலிம்பிக் விளையாட்டு ஆகியவற்றுக்கான பயிற்சி அதில் உண்டு. ஹாக்கி ஒலிம்பிக் விளையாட்டு. சிறிய ஆலைகள் இச்சட்டத்தில் வாரா, பெரியவை வரும். பணத்துக்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது; கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

"படிப்பை விட்டு மட்டையைப் பிடித்தால் பிழைப்பு நடக்குமா?" என்று நம் ஆசிரியர்கள் கேட்பார்கள். அன்பினால் கேட்கும் கேள்வி அது. நூறு பேர் ஆடினால் ஒருவர் லீக்குக்குப் போவதும் அரிது என்பதை நான் மறுக்கவில்லை. விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அது பதக்கம் வாங்கியபின் கிடைப்பது. பதக்கம் வாங்கும்வரை உண்பது எதை? அந்த இடைக்காலத்தைத்தான் நான் பேசுகிறேன். அதனால்தான் கனடாக்காரர்களின் படிப்பு உதவியை எடுத்துச் சொன்னேன். ஆட்டமா, படிப்பா என்று பையனைக் கிழிக்காமல், இரண்டும் சேர்ந்து நடக்க வழி செய்யவேண்டும்.

என் யோசனைகள் மிக எளியவை.

பெரிய ஆலைகள் பத்து ஒன்றுகூடட்டும். ஆளுக்கு இருவரைப் பதினெட்டு வயதுக்கு மேல் எடுக்கட்டும். மொத்தம் இருபது பேர். ஓர் அணியும் மாற்றாட்டக்காரர்களும் ஆயிற்று. நான்கு மணி நேரம் ஆலை வேலை, நான்கு மணி நேரம் மைதானம், கூலி முழுமையாக. நிரந்தர வேலையாகவே இருக்கட்டும். நான்கு ஆண்டு கழித்து ஆட்டம் கைகூடாவிட்டால், அவன் தொழில் கற்ற தொழிலாளியாக அங்கேயே நிற்பான். யாருக்கும் நட்டமில்லை.

இரண்டாவது, சிப்காட்டை ஒட்டி ஒரு ஹாக்கி மைதானம். முதலில் மண் தரையே போதும். கோவில்பட்டி மண்ணில்தான் தொடங்கியது. வாரம் ஒருமுறை எழும்பூர்ச் செயற்கைத் தரைக்குப் போய்வர ரயில் இருக்கிறது.

மூன்றாவது, நம் கல்லூரி. அந்த இருபது பேரில் படிக்க விரும்புவோருக்கு இங்கே இடமளிப்போம். ஆட்டத்துக்குப் போன நாட்களை வருகைப் பதிவில் கழிக்காமல் இருப்போம். விட்டுப்போன பாடத்தை மாணவர்களாகிய நாமே மாலையில் சொல்லிக் கொடுப்போம். இதற்கு அரசாணை வேண்டுமா? மனம் இருந்தால் போதும்.

இவற்றைச் செய்துவிட்டால் கும்மிடிப்பூண்டியிலிருந்து நாளையே ஒரு தன்ராஜ் வந்துவிடுவார் என்று நான் சொல்லவில்லை. ஒருவரும் வராமலும் போகலாம். ஆனால் "என்னால் முடியவில்லை" என்று ஒருவன் ஆட்டத்தை விடுவது வேறு. "எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை" என்று விடுவது வேறு. முதலாவதில் வருத்தம் இருக்கும், மானம் இருக்கும். இரண்டாவதில் என்ன இருக்கிறது என்பதை நான் என் நண்பனின் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

அவனுக்கு இப்போது வயது இருபத்தொன்று. காலம் கடந்துவிட்டது என்பதை அவன் அறிவான், நானும் அறிவேன். சென்ற மாதம் தன்னுடைய மட்டையை, பிடியில் புதுத் துணி சுற்றி, எங்கள் பழைய பள்ளியில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையனிடம் கொடுத்துவிட்டான். நான் போய்ப் பார்த்தேன். மட்டை அவன் உயரத்துக்குச் சற்றுப் பெரிது. ஆனால் பையன் வட்டத்துக்குள் நுழையும் வேகம் நன்றாக இருக்கிறது.

அவன் பதினெட்டு வயதை அடைய இன்னும் ஐந்து ஆண்டுகள் இருக்கின்றன. நமக்கு இருக்கும் அவகாசமும் அவ்வளவே.